பழைய மில்லிங் மெஷின் ஸ்பிண்டிலுக்கு எந்த கிரீஸ்? அறிகுறியிலிருந்து விடை தேடும் வழி

கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையிலும் கே.புதூர் தொழிற்பேட்டையிலும், மதுரையைச் சுற்றி ரப்பர் பொருட்களுக்கு அச்சு செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைகளிலும் பழைய எச்எம்டி, பிஎஃப்டபிள்யூ மில்லிங் மெஷின்கள் இன்றும் சோறு போட்டுக்கொண்டிருக்கின்றன. மூன்று நான்கு கை மாறி வந்தவை. கையேடு எப்போதோ தொலைந்திருக்கும். பித்தளைத் தகட்டில் இருந்த எண்ணெய் விவரமும் தேய்ந்து போயிருக்கும். கட்டரைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டில் சூடானாலோ சத்தம் போட்டாலோ உரிமையாளர் முதலில் கேட்பது, "எந்த கிரீஸ் நல்ல கிரீஸ்?" என்றுதான்.

அந்தக் கேள்விக்கு ஒரு டப்பாவின் பெயரைப் பதிலாகச் சொல்பவரை நம்ப வேண்டாம். பேரிங்கின் வகை, அது ஓடும் வேகம், உள்ளே ஏற்கெனவே இருக்கும் கிரீஸ் ஆகிய மூன்றும் தெரியாமல் கிரீஸ் சொல்ல முடியாது. கிரீஸ் கோளாறு என்று கொண்டுவரப்படுபவற்றில் பெரும்பாலானவை கிரீஸின் தரத்தால் வந்தவையும் அல்ல. அளவு கூடியது, இரண்டு கிரீஸ் கலந்தது, பேரிங்கைப் பிடித்திருக்கும் லாக் நட்டை அதிகமாக இறுக்கியது என்று காரணம் வேறிடத்தில் இருக்கும். அதனால் இந்த வழிமுறையை அறிகுறிப்படி எழுதியிருக்கிறேன். உங்கள் மெஷின் காட்டும் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிட்டுப் போக வேண்டும்.

கிரீஸ் கன்னைத் தொடும் முன்

இந்த ஸ்பிண்டில் கிரீஸில் ஓடுவதுதானா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். பழைய மெஷின்கள் பலவற்றில் ஸ்பிண்டில் பேரிங்குகளுக்கு கியர் பெட்டியின் எண்ணெயே தெறித்தோ பம்ப் வழியாகவோ போகும். சிலவற்றில் தலைப்பகுதியில் மூடி போட்ட சிறிய எண்ணெய்க் கிண்ணம் இருக்கும். அதில் மெல்லிய ஸ்பிண்டில் எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கும். அந்தத் துளையில் யாரோ ஒருவர் நிப்பிளைத் திருகி கிரீஸ் அடித்திருந்தால், எண்ணெய் வழி அடைபட்டு பேரிங் வறண்டு போயிருக்கும். வெளியே பார்த்தால் கிரீஸ் நிறைய இருப்பதாகத் தோன்றும். ரோலருக்கு ஒன்றும் போயிருக்காது. நிப்பிள் இருக்கிறது என்பதாலேயே அது கிரீஸ் ஸ்பிண்டில் ஆகிவிடாது. துளை எங்கே போய் முடிகிறது, எண்ணெய் திரும்பி வர வழி இருக்கிறதா, ஆயில் சீல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று கழற்றிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது பேரிங் எண். முன் பேரிங், பின் பேரிங் இரண்டின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கிடைமட்ட மெஷின்களில் டேப்பர் ரோலர் பேரிங்கோ, உள் துளை சரிவாக உள்ள இரட்டை வரிசை உருளை ரோலர் பேரிங்கோ இருக்கலாம். தலையைச் சாய்க்கும் செங்குத்து மெஷின்களில் ஆங்குலர் கான்டாக்ட் பால் பேரிங் ஜோடி இருக்கும். எண் தெரிந்தால் உள் விட்டம், வெளி விட்டம், அகலம் மூன்றும் தெரிந்துவிடும். மெஷினின் மிகக் குறைந்த வேகத்தையும் மிக அதிக வேகத்தையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். பிறகு கணக்குப் போட இவை வேண்டும்.

உள்ளே இருக்கும் கிரீஸின் நிறத்தைப் பார்த்து வகையை, அதாவது எண்ணெயைக் கெட்டியாக்கியிருக்கும் பொருள் எது என்பதைச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நீலமோ பச்சையோ சிவப்போ, தயாரிப்பாளர் கலந்த சாயம்தான். ஒரே நிறத்தில் லித்தியம் சோப்பு கிரீஸும் இருக்கும், பாலியூரியா கிரீஸும் இருக்கும்.

அறிகுறி: புது கிரீஸ் போட்ட பிறகு சூடாகிறது

பழைய கிரீஸில் மிதமாக ஓடிக்கொண்டிருந்த ஸ்பிண்டில், புது கிரீஸ் நிரப்பிய அரை மணி நேரத்தில் கை வைக்க முடியாத அளவு கொதிக்கிறது. உடனே கிரீஸ் போலி என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். அப்படி முடிவு செய்யும் முன் வெப்பம் ஏறும் விதத்தைக் கவனிக்க வேண்டும். இந்தக் கோளாறில் உண்மையைச் சொல்வது அதுதான்.

ஸ்பிண்டில் மூக்குக்கு, அதாவது கட்டர் பொருத்தும் முனைக்குப் பக்கத்தில் வார்ப்பிரும்பு உடம்பில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். அகச்சிவப்பு வெப்பமானியை அந்த டேப்பின் மேல் காட்டி அளக்க வேண்டும். பளபளப்பான இரும்பின் மேல் நேராகக் காட்டினால் அளவு குறைவாகவே காட்டும். அதை நம்பி ஓட்டினால் பேரிங் போய்விடும். பட்டறையின் வெப்பத்தையும் சேர்த்துக் குறியுங்கள். மே மாதம் மதியம் தகரக் கூரையின் கீழ் 40 டிகிரி செல்சியஸ் இருந்தால் ஸ்பிண்டில் 60 காட்டுவதில் வியப்பில்லை. அதே 60 ஜனவரிக் காலையில், பட்டறை 22 டிகிரியில் இருக்கும்போது வந்தால் அது எச்சரிக்கை. மொத்த வெப்பத்தோடு, அறை வெப்பத்தைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இப்போது மெஷினை அதன் உச்ச வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில், வெட்டு எதுவும் எடுக்காமல் ஓட்டுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளவைக் குறியுங்கள். வெப்பம் வேகமாக ஏறி, ஒரு இடத்தில் நின்று, பிறகு மெல்ல இறங்கினால் கவலை வேண்டாம். ரோலர்களுக்கு நடுவே அதிகப்படியாக இருந்த கிரீஸைப் பேரிங் பிசைந்து ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறது. வெப்பம் நிலையான பிறகு அடுத்த வேகத்துக்குப் போங்கள். 65 டிகிரியைத் தாண்டினால் நிறுத்தி, ஆற விட்டு, ஒரு படி குறைந்த வேகத்திலிருந்து மறுபடியும் தொடங்குங்கள். பாதி நாள் இதற்கே போகலாம். அவசரப்பட்டு நேரே உச்ச வேகத்தில் போடும் பட்டறைகளில்தான் புது கிரீஸும் புது பேரிங்கும் ஒரே வாரத்தில் கறுத்துப் போகின்றன.

வெப்பம் இறங்காமல் ஏறிக்கொண்டே போனால், அல்லது ஒவ்வொரு முறையும் அதே உயரத்தில் போய் நின்றால், இரண்டு காரணங்களைப் பார்க்க வேண்டும். கிரீஸ் மிக அதிகமாக இருந்து தப்பிக்க இடமில்லாமல் இருக்கலாம். அல்லது பேரிங் இறுக்கம் அதிகமாக இருக்கலாம். பிரித்தறிய ஒரு வழி உண்டு. சூடாக இருக்கும்போதே மெஷினை அணைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, பெல்ட் இருந்தால் தளர்த்திவிட்டு, ஸ்பிண்டிலைக் கையால் சுழற்றுங்கள். ஆறியிருந்தபோது இருந்ததைவிடச் சூட்டில் அதிகமாகப் பிடித்தால் இறுக்கம்தான் குற்றவாளி. சூட்டில் ஸ்பிண்டில் விரிந்து இறுக்கத்தை மேலும் கூட்டியிருக்கிறது. சூட்டில் இளகி இலகுவாகச் சுழன்றால் கிரீஸின் அளவையோ அதன் தடிப்பையோ சந்தேகிக்கலாம். இறுக்கத்தால் வரும் சூட்டை எந்த விலை கிரீஸாலும் தணிக்க முடியாது. லாக் நட்டையும் ஸ்பேசரையும் சரி செய்தாக வேண்டும்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. பேரிங்குக்குள் இருக்கும் காலி இடத்தில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை கிரீஸ் போதும். வேகம் அதிகமான ஸ்பிண்டிலுக்கு அதைவிடவும் குறைவு. "வழியும் வரை அடி" என்பது லாரி ஸ்பிரிங் கட்டைக்குச் சொல்லும் பேச்சு. கண் அளவை நம்பாமல், மருந்துக் கடையில் கிடைக்கும் பெரிய சிரிஞ்சை ஊசி இல்லாமல் வாங்கி அதில் கிரீஸை நிரப்பி அளந்து போடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பேரிங்குக்குக் கூடுதலாக எவ்வளவு போடுவது என்பதற்கு எளிய சூத்திரம் உண்டு: வெளி விட்டத்தை அகலத்தால் பெருக்கி, இரண்டும் மில்லிமீட்டரில், வருவதை 0.005 ஆல் பெருக்கினால் கிராமில் அளவு வரும். 32012 என்ற டேப்பர் ரோலர் பேரிங்கின் அளவு 60×95×23. கணக்குப்படி ஏறத்தாழ 11 கிராம். கிரீஸ் கன்னின் ஓர் அழுத்தத்துக்கு எத்தனை கிராம் வருகிறது என்று ஒரு முறை தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டால், பிறகு அழுத்தங்களை எண்ணினால் போதும்.

அறிகுறி: மூக்கு வழியாகவோ தலைக்குக் கீழோ ஒழுகுகிறது

கப்பலூரில் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, கிரீஸ் உருகி எண்ணெயாகவே ஒழுகுகிறது. வெயில் காலத்துக்கு வேறு கிரீஸ் வாங்க வேண்டுமா?" மதுரை வெயிலில் லித்தியம் கிரீஸ் உருகாது. அதன் சொட்டுநிலை, அதாவது இளகிச் சொட்டத் தொடங்கும் வெப்பம், 180 டிகிரிக்கு மேல். 60, 70 டிகிரியில் ஓடும் ஸ்பிண்டிலில் அது உருகியிருக்க வழியே இல்லை. அப்படியென்றால் ஒழுகுவது ஏன்?

மிகப் பெரும்பாலும் கலப்பு. லித்தியம் கிரீஸ் இருந்த பேரிங்கின் மேல் பாலியூரியாவையோ, அலுமினியம் காம்ப்ளெக்ஸையோ, பென்டோனைட் களிமண்ணால் கெட்டியாக்கிய கிரீஸையோ அடித்தால், தனித்தனியே நன்றாக இருந்த இரண்டும் சேர்ந்து குலைந்துபோகக்கூடும். கெட்டிப்பொருளின் பிடி விட்டு எண்ணெய் தனியே வடிந்துவிடும். சில சேர்க்கைகள் இளகுவதற்குப் பதிலாகக் கட்டியாகி இறுகும், அதுவும் கெடுதல்தான். கிரீஸ் கன்னிலேயே பழைய வகை மீதி இருந்திருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். ஸ்பிண்டிலுக்கென்று தனி கன் வைத்துக்கொள்வது பெரிய செலவில்லை.

சந்தேகம் தீர, வெளியே வந்ததிலிருந்து சிறிதும், டப்பாவிலிருந்து புதியது அதே அளவும் எடுத்து ஒரு கண்ணாடித் துண்டின் மேல் கத்தியால் நன்றாகப் பிசையுங்கள். வெயில் படும் சூடான இடத்தில் ஒரு நாள் வைத்து மறுபடியும் பிசையுங்கள். கலவை, இரண்டில் இளக்கமானதைவிடவும் இளகியிருந்தால் இரண்டும் சேராதவை. பக்கத்தில் கலக்காத இரண்டையும் தனித்தனியே வைத்திருந்தால் ஒப்பிடுவது எளிது. ஆய்வுக்கூடங்களில் இதற்கு ஏஎஸ்டிஎம் டி6185 என்ற முறையான சோதனை இருக்கிறது. பட்டறைச் சோதனை அதற்கு ஈடாகாது; ஆனாலும் மோசமான ஜோடியைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்தச் சோதனையில் தேறிவிட்டது என்பதற்காகக் கலந்து போடலாம் என்று பொருளில்லை. ஸ்பிண்டிலைப் பொறுத்தவரை வகை மாற்றுவதென்றால் கழற்றிக் கழுவிவிட்டு மாற்றுவதுதான் முறை.

கலப்பு இல்லையென்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். ஆயில் சீலின் உதடு தேய்ந்திருக்கலாம், அல்லது அது உரசும் ஸ்பிண்டில் பரப்பில் பள்ளம் விழுந்திருக்கலாம். பள்ளம் விழுந்த இடத்தில் புது சீல் போட்டாலும் ஒழுகும். அளவு கூடியிருக்கலாம். மூன்றாவதாக, செங்குத்து ஸ்பிண்டிலில் கிரீஸ் மிக இளக்கமாக இருக்கலாம். என்எல்ஜிஐ 2 என்ற கெட்டித்தன்மை பொதுவாகப் பொருந்தும். செங்குத்துத் தண்டும் சூடான பட்டறையும் சேர்ந்தால் 3ஆம் எண்ணும் நல்ல தேர்வுதான். 1ஆம் எண் இந்த ஊரின் வெப்பத்துக்கு ஸ்பிண்டிலில் வேண்டாம்.

கால்சியம் சோப்பில் செய்த மலிவான கப் கிரீஸ் உள்ளே போயிருந்தால் மட்டும் 'உருகிவிட்டது' என்ற சொல் உண்மையாகலாம். அது 60 டிகிரி வரைக்குத்தான் தாங்கும். 100 டிகிரியை ஒட்டி சொட்டத் தொடங்கும். சேஸிஸுக்கு என்று விற்கும் அந்த டப்பாவை மில்லிங் மெஷின் பக்கமே வைக்காதீர்கள்.

அறிகுறி: சூடு இல்லை, ஒழுகலும் இல்லை, கனமான வெட்டில் உறுமுகிறது

விலை உயர்ந்த கிரீஸ் வாங்கிப் போட்ட அக்கறையான உரிமையாளர்களுக்குத்தான் இந்தக் கோளாறு அதிகம் வருகிறது. அவர்களுக்காக இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

'ஸ்பிண்டில் கிரீஸ்' என்று கேட்டால் கடையில் அதிவேக ஸ்பிண்டிலுக்கான கிரீஸைத் தருவார்கள். க்ளூபர் ஐசோஃப்ளெக்ஸ் என்பியு 15 அந்த வகையில் உலகெங்கும் பெயர் பெற்றது. பேரியம் காம்ப்ளெக்ஸ் சோப்பு, மிக மெல்லிய எண்ணெய். சிஎன்சி மெஷின்களின் வேகமான ஸ்பிண்டிலில் அது சிறப்பாக வேலை செய்கிறது. ஆனால் நிமிடத்துக்கு 60 சுற்றிலும் 100 சுற்றிலும் பெரிய சைடு அண்ட் ஃபேஸ் கட்டரைப் போட்டு எஃகைத் தின்னும் பழைய கிடைமட்ட மெஷினுக்கு அது பொருந்தாது.

காரணம் எண்ணெயில் இருக்கிறது. கிரீஸில் உயவு வேலையைச் செய்வது அதிலுள்ள எண்ணெய்தான். சோப்பு அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது கசிய விடும். ரோலருக்கும் அது உருளும் பாதைக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் உருவாக வேகமும் வேண்டும், எண்ணெயின் பாகுத்தன்மையும் வேண்டும். ஒன்று குறைந்தால் மற்றது கூட வேண்டும். இதற்குப் பேரிங் தயாரிப்பாளர்கள் பயன்படுத்தும் கணக்கு ஒன்று உண்டு. உள் விட்டத்தையும் வெளி விட்டத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரி விட்டம். நமது 32012 பேரிங்குக்கு அது 77.5 மில்லிமீட்டர். 1000 சுற்றுக்கு மேல், தேவையான பாகுத்தன்மை = 4500-ஐ, சுற்றின் வர்க்கமூலத்தாலும் சராசரி விட்டத்தின் வர்க்கமூலத்தாலும் வகுத்தது. 1800 சுற்றுக்குப் போட்டால் 12 சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அலகு) வருகிறது. அதாவது ஓடும் வெப்பத்தில் எண்ணெய் 12 சென்டிஸ்டோக் இருந்தால் போதும்.

1000 சுற்றுக்குக் கீழே சூத்திரம் மாறுகிறது. அங்கே 45000-ஐ எடுத்துக்கொண்டு, சுற்றின் 0.83 அடுக்காலும் சராசரி விட்டத்தின் வர்க்கமூலத்தாலும் வகுக்க வேண்டும். அதே பேரிங் 100 சுற்றில் ஓடும்போது தேவை ஏறத்தாழ 112 சென்டிஸ்டோக். ஒரே பேரிங், ஒரே மெஷின். தேவை ஒன்பது மடங்குக்கு மேல் கூடிவிட்டது.

அதிவேக ஸ்பிண்டில் கிரீஸின் எண்ணெய் 40 டிகிரியிலேயே 20-ஐ ஒட்டித்தான் இருக்கும். 112 தேவைப்படும் இடத்தில் 20 இருந்தால் படலம் உருவாகாது. இரும்பு இரும்பைத் தொடும். சூடு ஏறாது, ஏனென்றால் வேகம் இல்லை. ஒழுகாது. அமைதியாகத் தேய்ந்துகொண்டே வரும். கனமான வெட்டில் மட்டும் ஒரு உறுமல் கேட்கும். சில மாதங்களில் பேரிங்கைத் திறந்தால் ரோலர் முனைகளும் அவை உரசும் விளிம்பும் சாம்பல் நிறத்தில் மங்கியிருக்கும். டேப்பர் ரோலரில் அந்த விளிம்பில் சறுக்கல் உண்டு; அதனால் முதல் அடி அங்கேதான் விழும்.

ஆகவே டேப்பர் ரோலரில் மெதுவாக ஓடும் கிடைமட்ட மெஷினுக்கு, 40 டிகிரியில் 100 முதல் 160 சென்டிஸ்டோக் வரை அடிப்படை எண்ணெய் உள்ள, என்எல்ஜிஐ 2 லித்தியம் அல்லது லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸைத்தான் நான் சொல்வேன். எஸ்கேஎஃப் எல்ஜிஎம்டி 2-இல் எண்ணெய் 110 சென்டிஸ்டோக். மொபிலக்ஸ் ஈபி 2-இல் 160. கனமான வெட்டு அதிகம் எடுக்கும் மெஷினுக்கு ஈபி, அதாவது மிகை அழுத்தத்தைத் தாங்க உதவும் சேர்மானம் உள்ளது நல்லது. பெரும்பாலும் உச்ச வேகத்திலேயே ஓடும் மெஷின் என்றால் 100-ஐ ஒட்டியது நல்லது. ஏபி3 என்று எல்லாக் கடையிலும் கிடைக்கும் லித்தியம் கிரீஸ்கூட இந்த வேலைக்குக் கொலைபாதகம் அல்ல. மூடி இல்லாமல் பட்டறைத் தரையில் கிடந்து இரும்புத் தூள் படிந்த டப்பா எந்தப் பெயர் கொண்டதாக இருந்தாலும்தான் கொலைபாதகம்.

டப்பாவில் எண்ணெயின் பாகுத்தன்மை பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்காது. அந்த கிரீஸின் தரவுத் தாளைக் கடைக்காரரிடம் கேளுங்கள். '40 டிகிரியில் அடிப்படை எண்ணெயின் பாகுத்தன்மை' என்ற வரி அதில் இருக்கும். தரவுத் தாள் தர முடியாத கிரீஸை ஸ்பிண்டிலுக்கு வாங்க வேண்டாம்.

அறிகுறி: குறைந்த வேகத்தில் நலம், உச்ச வேகத்தில் மட்டும் சூடு

முந்தையதற்கு நேர் எதிர். செங்குத்துத் தலை மெஷினில் 7207 போன்ற ஆங்குலர் கான்டாக்ட் ஜோடி 4000 சுற்றில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி விட்டம் 53.5, தேவை 10 சென்டிஸ்டோக் கூட இல்லை. இங்கே 160 சென்டிஸ்டோக் ஈபி கிரீஸைப் போட்டால் பால்கள் சேற்றில் மிதிப்பதுபோல எண்ணெயைப் பிசைந்து சூடாக்கும். 110-ஐ ஒட்டிய சாதாரண லித்தியம் கிரீஸ் ஓடும். கொஞ்சம் சூடு கூடுதலாக இருக்கும். நாள் முழுக்க உச்ச வேகத்தில் சின்ன எண்ட் மில்லோடு அச்சு வேலை பார்க்கும் மெஷினுக்கு என்பியு 15, எஸ்கேஎஃப் எல்ஜிஎல்டி 2 போன்ற மெல்லிய எண்ணெய் கிரீஸுக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது. மாலிப்டினம், கிராஃபைட் கலந்த கறுப்பு கிரீஸ் இந்தப் பேரிங்குகளுக்கு வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று. பழைய மெஷினில் மோட்டாரின் வேகத்தை மாற்றும் விஎஃப்டி டிரைவைப் புதிதாகப் பொருத்தி, 50 ஹெர்ட்ஸுக்கு மேல் ஓட்டுகிறார்கள். மெஷின் செய்தவர் 1800 சுற்றுக்குக் கணக்கிட்ட பேரிங் 2500-இல் ஓடும்போது சூடாவது கிரீஸின் தவறு அல்ல. டிரைவில் உச்ச ஹெர்ட்ஸை 50-க்கு அடைத்துவிட்டு மறுபடியும் அளந்து பாருங்கள்.

அறிகுறி: திறந்தால் கிரீஸின் நிறம் மாறியிருக்கிறது

பால் நிறமாக வெளுத்திருந்தால் கூலண்ட் உள்ளே போயிருக்கிறது. சீலைச் சரி செய்யாமல் கிரீஸை மாற்றிப் பயனில்லை. கூலண்ட் வெள்ளமாக ஓடும் மெஷினுக்குத் தண்ணீரைத் தாங்கும் லித்தியம் காம்ப்ளெக்ஸ் அல்லது கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ் நல்லது. கால்சியம் என்ற பெயரைப் பார்த்து மேலே சொன்ன கப் கிரீஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது முற்றிலும் வேறு. கூலண்டை உப்புக் கூடிய போர்வெல் தண்ணீரில் கலக்கும் பட்டறைகளில் பேரிங்கில் துருவும் விரைவாக வருகிறது.

கறுத்துக் கருகிய வாடையோடு இருந்தால் நெடுநாள் சூட்டில் ஓடியிருக்கிறது. 70 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 15 டிகிரி கூடும்போதும் கிரீஸின் ஆயுள் பாதியாகும். சாம்பல் நிறத்தில் வெயிலில் காட்டினால் மினுக்கினால் பேரிங்கே தேய்ந்து கலந்திருக்கிறது. விரல்களுக்கு நடுவே தேய்த்தால் நறநறக்கும். ஒரு காகிதத்தின் மேல் மெல்லத் தடவி அடியில் காந்தத்தை நகர்த்துங்கள், துகள் இழுபடும். அந்தப் பேரிங்கைக் கழுவித் திரும்பப் போடுவது காலத்தைக் கடத்துவதுதான்.

செம்பழுப்புத் தூள், அதுவும் பாதையில் ரோலர் இடைவெளிக்கு ஒன்றாகச் சரியான தூரத்தில் தழும்புகளோடு இருந்தால், கதை வேறு. கோயம்புத்தூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஏலத்தில் எடுத்த மெஷின் லாரியில் வந்தபோது ஸ்பிண்டில் கட்டப்படாமல் குலுங்கியிருக்கிறது. நின்ற இடத்திலேயே ரோலர்கள் அதிர்ந்து பாதையைத் தின்றிருக்கின்றன. வந்திறங்கிய நாளிலிருந்தே கடகடவென்ற சத்தம் இருந்திருக்கும். இதற்குக் கெட்டி கிரீஸ் போட்டுச் சத்தத்தை அமுக்கலாம். தழும்பு அங்கேயே இருக்கும், வேலைப் பரப்பில் வரியாக வெளிப்படும்.

அறிகுறி: காலையில் ஓடத் தொடங்கும்போது கீச்சிடுகிறது

சில நிமிடங்களில் தானாகவே அடங்கினால் விட்டுவிடுங்கள். உருளை ரோலர் பேரிங்கில், எண்ணெய் இன்னும் கசியத் தொடங்காத நேரத்தில், ரோலர்களைப் பிடித்திருக்கும் கூடும், ரோலரும் எழுப்பும் சத்தம் அது. சுமை ஏறினால் நின்றுவிடும். அடங்காமல் வேகத்தோடு சுருதி ஏறினால் வறட்சி; 0.005 கணக்குப்படி பாதி அளவு போட்டுப் பாருங்கள்.

அறிகுறி: கட்டர் அதிர்கிறது, வேலையில் அலை விழுகிறது

இதற்கு கிரீஸ் தேட வேண்டாம். டயல் கேஜை மூக்கில் வைத்து, மரக் கட்டையால் நெம்பி ஆட்டத்தைப் பாருங்கள். பிறகு ஸ்பிண்டில் துளையில் டெஸ்ட் மேண்ட்ரலை (துல்லியமான சோதனைத் தண்டு) போட்டுச் சுழற்றி டயல் கேஜில் பாருங்கள். மூக்கருகே 0.01 மில்லிமீட்டர், 300 மில்லிமீட்டர் தள்ளி 0.02 என்பது நல்ல மில்லிங் மெஷினுக்கு உரிய வரம்பு. அதைவிட மிகவும் கூடியிருந்தால் பேரிங்கும் இறுக்கமும்தான் பார்க்க வேண்டியவை.

வகை மாற்றும்போது கழுவும் முறை

கழற்றிய பேரிங்கை மினரல் டர்பன்டைனில் ஊற வைத்து, முடி உதிராத தூரிகையால் தேய்த்து, இரண்டாவது பாத்திரத்தில் புது டர்பன்டைனில் அலசுங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது. காட்டன் வேஸ்டால் துடைக்காதீர்கள். ஒரே ஒரு நூல் உள்ளே போனாலும் அது கிரீஸை உறிஞ்சிக்கொண்டு ரோலருக்குக் கீழே சிக்கும். பஞ்சு உதிராத சுத்தமான துணி போதும். கம்ப்ரெஸர் காற்றால் பேரிங்கைச் சுழற்றிக் காய வைப்பது பல பட்டறைகளில் விளையாட்டாகவே நடக்கிறது. எண்ணெய் இல்லாத பேரிங் அந்த வேகத்தில் பாதையைக் கீறிக்கொள்ளும், சமயத்தில் கூடு சிதறி முகத்தில் அடிக்கும். ஒரு கையால் இரண்டு வளையங்களையும் சுழலாமல் பிடித்துக்கொண்டு மெல்லக் காற்றடித்தால் போதும். காய்ந்ததும் தாமதிக்காமல் கிரீஸ் போடுங்கள். வெறும் கையின் வியர்வை பட்ட எஃகு ஓர் இரவில் துருப்பிடிக்கும்.

டேப்பர் ரோலருக்குப் பெரிய முனையிலிருந்து கூட்டுக்கும் உள் வளையத்துக்கும் நடுவே, மேலே சொன்ன அளவுக்கு மிகாமல் கிரீஸைத் திணித்து, ஒவ்வொரு ரோலராகச் சுற்றிவர வேண்டும். பிறகு வெளியே அப்பியிருப்பதை வழித்துவிடலாம். ஓடும்போது இந்தப் பேரிங் கிரீஸைச் சிறிய முனையிலிருந்து பெரிய முனைக்குத் தானே தள்ளிக்கொண்டு போகும். அதனால் நிப்பிள் வழியாகப் பிறகு போடும் கிரீஸ் சிறிய முனைப் பக்கம் வந்து சேருகிறதா என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி எதுவுமில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்றும் தெரியவில்லை

ஏலத்தில் வாங்கிய மெஷின், சத்தமில்லாமல், அளவான சூட்டில் ஓடுகிறது. இதற்கு எதுவும் போடாதீர்கள். வெப்பத்தை மட்டும் வாரம் ஒரு முறை ஒரே வேகத்தில், ஒரே நேரத்தில் அளந்து குறித்து வாருங்கள். அறை வெப்பத்தைவிடக் கூடும் அளவு மெல்ல ஏறத் தொடங்கினால், அடுத்த விடுமுறையில் கழற்றிக் கழுவி, தெரிந்த கிரீஸில் தொடங்குங்கள். அதற்குப் பிறகு மெஷினின் கதவுக்கு உட்புறம் ஒரு தகட்டில் பேரிங் எண்கள், கிரீஸின் முழுப் பெயர், சோப்பின் வகை, அடிப்படை எண்ணெயின் பாகுத்தன்மை, ஒரு முறைக்கு எத்தனை கிராம், போட்ட தேதி ஆகியவற்றை எழுதி வையுங்கள். செங்குத்து ஸ்பிண்டிலாக இருந்தால், கிடைமட்டத்துக்கு வைத்திருக்கும் கால இடைவெளியில் பாதி என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.